மூன்றாம் ஓலை

24 ஜூலை 2025, வியாழன். மனாமா

பள்ளிக்கு விடுமுறை, நூலகருக்கு இல்லை. காணாமல் போன புத்தகங்களின் பட்டியலைத் தயாரித்தேன். இந்த வருடமும் சிறுவர் வேதாகமக் கதைகளுக்கே முதலிடம். எடுத்தவர்கள் 'களவு செய்யாதிருப்பாயாக' என்ற எட்டாம் கட்டளை வரைக்குமாவது படித்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். யாருக்கும் பொறுமை இல்லை.

மாலையில் தூத்துக்குடியிலிருந்து கிங்ஸ்டன் அண்ணன் கூப்பிட்டான். அவன் கிறிஸ்துமஸுக்குப் பேசுவான். யாராவது இறந்தால் பேசுவான். ஜூலையில் கிறிஸ்துமஸ் இல்லை. "யாருண்ணே?" என்றேன்.

"யாரும் சாகலளா. அப்பா கல்யாணம் கட்டப்போறாரு."

அப்பாவுக்கு எழுபத்தொரு வயது. அம்மா போய் ஐந்து வருடம் ஆகிறது. பெண் சாத்தான்குளத்துக்காரர், ஜெபசுதா டீச்சர். கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். அறுபத்து மூன்று வயது, இதுவே முதல் கல்யாணம். கோவிலில் இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டதாம். மூன்றாவதுதான் பாக்கி.

"நீ உடனே வா. வந்து ஆட்சேபணை சொல்லு. நான் கோவில் சேகர கமிட்டியில இருக்கேன், நான் எந்திரிச்சா நல்லாருக்காது. நீ சொன்னா ஒரு பய வாயத் தொறக்க முடியாது. ஒனக்குத்தான் ரைட் இருக்கு."

அது உண்மைதான். என்னைவிட உரிமையுள்ள ஆள் இந்த உலகத்திலேயே கிடையாது.

25 ஜூலை

என்றாவது மகள் ஜெப்ஸி இதைப் படித்தால் அவளுக்குப் புரிய வேண்டும். ஆகவே எழுதி வைக்கிறேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல விரும்புகிறவர்கள் சொல்லலாம் என்று குருவானவர் அறிவிப்பார். பிறகு ஐந்து வினாடி அமைதி. அந்த ஐந்து வினாடியில் மக்கள் விசிறிக்கொள்வார்கள், குழந்தையின் மூக்கைத் துடைப்பார்கள். யாரும் தடை சொல்வதில்லை. நூற்றைம்பது வருடக் கோவிலில் ஒரே ஒருவர் சொல்லியிருக்கிறார். அவர் என் அப்பா சுந்தர்சிங். கல்யாணம் என்னுடையது.

2004 ஆகஸ்ட் 22. மூன்றாம் ஓலை. புதன்கிழமை கல்யாணம், ஆடுகூட வாங்கியாகிவிட்டது. அப்பா எழுந்து நின்றார். "ஐயா, ஒரு ஆட்சேபணை. மாப்பிள்ளையோட பங்குச் சாமியார் குடுத்த சான்றிதழ் ஜெராக்ஸ். அசல் வரல."

அப்பா துறைமுகத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட்டிடம் தலைமை எழுத்தராக இருந்தார். கப்பலில் வந்த சரக்கு கேட்டைத் தாண்டிப் போக எந்தெந்தத் தாள் வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எந்தத் தாள் இல்லாவிட்டால் போகாது என்று இன்னும் நன்றாகத் தெரியும். மாப்பிள்ளை ஆன்றோ பெரியதாழைக்காரர், ஆர்.சி. கத்தோலிக்கர், எங்கள் சபை இல்லை, மீன்பிடிக் குடும்பம். அப்பா இது எதையும் வாயால் சொல்லவில்லை. ஜெராக்ஸ் என்று மட்டும் சொன்னார். குருவானவர் கல்யாணத்தை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

நான் அந்த ஒரு வாரம் காத்திருக்கவில்லை. பெரியதாழையில் மூன்று ஓலையும் தும்மல்கூட இல்லாமல் முடிந்திருந்தது; அதே புதன்கிழமை அங்கே போய்க் கட்டிக்கொண்டேன். முத்து பழங்கதையாகிவிட்ட ஒரு கடற்கரையிலிருந்து முத்து பழங்கதையாகிவிட்ட இன்னொரு கடற்கரைக்கு, வளைகுடாவுக்கு, அதே வாரம் வந்து சேர்ந்தோம். ஆன்றோ இங்கே இழுவைக் கப்பல் ஓட்டுகிறார். அப்பாவும் நானும் அதற்குப் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை.

27 ஜூலை

ஆன்றோவிடம் கேட்டேன்: "போகட்டுமா?"

"போ."

"எந்திரிச்சு நிப்பேனான்னு எனக்கே தெரியல."

யோசித்துவிட்டுச் சொன்னார்: "அன்னைக்குக் கோவில்ல ஒங்கப்பா சட்டைப் பட்டன மாத்திப் போட்டிருந்தாரு. ஒரு பக்கம் தூக்கிட்டு நின்னுச்சு. எனக்கு அதான் ஞாபகம் இருக்கு. அவ்வளவு கரெக்டான ஆளு, அன்னைக்கு அதக்கூடப் பாக்கல."

இருபத்தொரு வருடமாக இதை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். "நீ கேக்கலயே" என்றார்.

29 ஜூலை. தூத்துக்குடி

திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்ஸியில் வந்தேன். பனிமய மாதா திருவிழா நடப்பதால் ஊரில் ஒரு லாட்ஜிலும் அறை இல்லை. எனவே அண்ணன் வீடு. அண்ணி மூன்று வகை மீன் வைத்திருந்தாள். அண்ணன் மூன்று பக்கத்தில் ஆட்சேபணை மனு டைப் அடித்து வைத்திருந்தான். கையெழுத்துப் போடுவதற்கு முன் சாப்பிடவிட்டதற்கு நன்றி.

மனுவில் 'குடும்பத்தின் மனக்கசப்பு' நான்கு இடத்தில் வருகிறது. 'வீடு' ஒரு இடத்தில்கூட வரவில்லை. அதனால் விஷயம் வீடுதான் என்று புரிந்தது. அப்பா வீடு இப்போது பெரிய ரோட்டுக்கு வந்துவிட்டது. வீடு நகரவில்லை, ரோடு அகலமாகியிருக்கிறது.

"மூணாவது ஓலை போன வாரமே வாசிச்சிருக்கணுமே. ஏன் தள்ளிப்போச்சு?"

"யாருக்குத் தெரியும். குருவானவர் கிருபாநிதி ஐயா ஏதோ காரணம் சொன்னாரு. எல்லாம் கர்த்தர் செயல்" என்றான் அண்ணன்.

மனுவைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். கையெழுத்துப் போடவில்லை. போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

30 ஜூலை

வெயில். உப்பளத்துக் காற்று. மெயின் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் முன்னைவிட நீளம். பேக்கரி அண்ணாச்சி என்னை அடையாளம் கண்டு, "ஓலைக்கு வந்திருக்கியளோ?" என்றார். ஊரில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது எனக்கு மட்டும்தான்: நான் என்ன செய்யப் போகிறேன் என்பது.

31 ஜூலை

காலை பத்து மணிக்கு ஜெபசுதா டீச்சர் அண்ணன் வீட்டுக்கே வந்துவிட்டார். நல்லவேளை அண்ணன் வேலைக்குப் போயிருந்தான். கஞ்சி போட்ட பருத்திச் சேலை. குடையை மடக்கி மூலையில் வைத்துவிட்டு நேராக விஷயத்துக்கு வந்தார்.

"ஒங்களுக்கு ஆட்சேபணை இருந்தா எங்கிட்ட முதல்லயே சொல்லிருங்க. கோவில்ல வச்சுக் கேட்டா நான் மொகத்த எங்க வைக்கதுன்னு தயார் பண்ணிக்கிடணும். முப்பத்தாறு வருசம் கிளாஸ் எடுத்தவ. தயார் பண்ணாமப் போய்ப் பழக்கமில்ல."

எனக்கு அவரைப் பிடித்துத் தொலைத்தது. வெறுப்பதற்கென்று எடுத்து வைத்திருந்த சாமான்களை எல்லாம் திரும்பக் கட்டி வைக்க வேண்டியதாயிற்று.

"ஏன் கட்டிக்கிடுதீங்க டீச்சர்?" என்றேன். இப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

"பேசதுக்கு ஆள் வேணும். அவருக்குக் கேக்கதுக்கு ஆள் வேணும். வீட்டுக்கு அடிபோடுதேன்னு ஒங்க அண்ணன் நெனைக்கான். எனக்குச் சாத்தான்குளத்துல வீடு கெடக்கு. ஒங்கப்பா வீட்ல மாடி ஏறி எறங்கினா முழங்கால் போயிரும்."

பிறகுதான் அதைச் சொன்னார். மூன்றாம் ஓலையை நிறுத்தி வைக்கச் சொன்னதே அப்பாதானாம். இரண்டாம் ஓலை முடிந்த அன்றே குருவானவரிடம் போய், "மூணாவத எம் மவ இருக்கும்போதுதான் வாசிக்கணும். அவ வந்து சொல்லதுக்கு எடம் குடுக்கணும்" என்றிருக்கிறார்.

"அப்போ எனக்கு ஏன் அவரு போன் பண்ணல?"

"நம்பர் தெரியும். போன் பண்ணத்தான் தெரியல. அதுக்குத்தான் கிங்ஸ்டன்கிட்ட, இன்னும் ஒரு ஓலைதான் பாக்கின்னு சொன்னாரு. அவன் பதறிப்போய் ஒங்களக் கூப்புடுவான்னு அவருக்குத் தெரியாதா?"

ஆக, அண்ணனின் பேராசையைத் தபால்காரனாக வைத்து அப்பா எனக்குக் கடிதம் போட்டிருக்கிறார். தபால்காரனுக்கே தெரியாமல்.

1 ஆகஸ்ட்

அப்பாவைப் பார்க்கப் போனேன்.

கதவைத் திறந்தார். குட்டையாகிவிட்டார். கண்ணாடி தடித்துவிட்டது. "வந்துட்டியா" என்றார், கடைக்குப் போய்விட்டுத் திரும்பியவளைப் போல. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த முதல் வாக்கியம் அங்கேயே தொலைந்தது.

மேஜை மேல் கோப்புகள். அப்பா பல் தேய்க்கும் பிரஷ்ஷுக்குக்கூட ரசீதை வைத்திருப்பவர். காப்பி கொண்டுவந்து வைத்தார். எதிரே உட்கார்ந்து கையை நீட்டினார்.

"எடு. கிங்ஸ்டன் டைப் அடிச்சிருப்பானே."

கொடுத்தேன். படித்தார். மூன்று பக்கத்தையும் படித்தார். பேனா எடுத்தார்.

"இது நிக்காதுளா. மனக்கசப்பெல்லாம் கல்யாணத்துக்குத் தடையாகாது. கமிட்டி ரெண்டு நிமிசத்துல தள்ளிரும். இப்ப வாயால சொன்னாலும் ஏத்துக்க மாட்டாங்க. எழுத்துமூலம் குடுக்கணும், ரெண்டு சாட்சி வேணும். எனக்கப்புறந்தான் அப்படி விதி போட்டாங்க." அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. "நிக்கணும்னா இதச் சொல்லு. ஒங்க அம்மாவோட இறப்புச் சான்றிதழ்ல பேரும் கோவில் பதிவுல பேரும் வேற வேறயா இருக்கு. ஒண்ணுல ஞானதீபம், இன்னொண்ணுல ஞானதீபம் அம்மாள். அதச் சரிபண்ண ரெண்டு மாசம் ஆகும். கல்யாணம் நின்னுரும்."

எனக்கு வந்ததே ஒரு கோவம். என்ன மனுசன் இவரு? எங் கல்யாணத்த நிறுத்துன ஆளு, தன் கல்யாணத்த எப்படி நிறுத்தணும்னு எனக்குப் பாடம் எடுக்காரு. திருத்திக் குடுக்காரு. பேனாவால! அழவா, சிரிக்கவா, காப்பியத் தூக்கி வீசவா?

சொன்னேன். எல்லாம் சொன்னேன். வாங்குன ஆட்ட யாரு தின்னாங்கன்னு கேட்டேன். ஜெப்ஸிக்குப் பதினெட்டு வயசு, தாத்தான்னு ஒரு சொல்லு சொன்னதில்லன்னு சொன்னேன். கொரோனாவுல அம்மா செத்தப்ப விமானம் இல்ல. போன்லதான் அடக்கத்தப் பாத்தேன். அந்த ஒரு மணி நேரத்துல ஒரு தடவகூட நீங்க வந்து எம் மொகத்தப் பாக்கல. அதையும் சொன்னேன்.

அப்பா பேனாவை மூடினார்.

"நான் உள்ள வந்தா நீ கட் பண்ணிருவியோன்னு நெனச்சேன். அம்மாவ நீ முழுசாப் பாக்கணும்லா. அதான் தள்ளி நின்னேன். போனப் புடிச்சிருந்தது யாருன்னு நெனைக்க?"

நான் கிங்ஸ்டன் என்று நினைத்திருந்தேன். ஐந்து வருடமாக.

"ஒரு வாரந்தான் தள்ளிப்போகும்னு நெனச்சேன்" என்றார் பிறகு. "ஒரு வாரத்துல நீ மனசு மாறிருவ, இல்லன்னா நான் மாறிருவேன்னு. நான் மாறிட்டேன்ளா. வெள்ளிக்கிழமையே மாறிட்டேன். அதுக்குள்ள நீ கப்பல் ஏறிட்ட."

விமானம் என்று திருத்தவில்லை. துறைமுகத்தில் வேலை பார்த்தவருக்கு எல்லாப் புறப்பாடும் கப்பல்தான்.

காப்பி ஆறிவிட்டது. இரண்டு பேரும் அதைக் குடித்தோம்.

கிளம்பும்போது மனுவைத் திருப்பிக் கொடுத்தார். "வச்சுக்கோ. ஞாயித்துக்கிழமை வரைக்கும் யோசி. நீ என்ன செஞ்சாலும் அது சரி."

2 ஆகஸ்ட்

விடிய விடியத் தூக்கம் வரவில்லை என்று எழுதத்தான் ஆசை. நன்றாகத் தூங்கினேன்.

3 ஆகஸ்ட், ஞாயிறு

கோவில் நிறைந்திருந்தது. ஈஸ்டருக்குக்கூட வராதவர்கள் வந்திருந்தார்கள். பெண்கள் பக்கம் நான்காவது வரிசையில் நான். எனக்கு நேர் முன்னால் டீச்சர். ஆண்கள் பக்கம் அப்பா, அவருக்குப் பின்னால் அண்ணன். கைப்பையில் மனு. இன்று காலை அதில் கையெழுத்துப் போட்டிருந்தேன். சாட்சிக் கையெழுத்து இரண்டையும் அண்ணன் முன்பே வாங்கி வைத்திருந்தான். ஏன் போட்டேன் என்று என்னைக் கேட்டால், எந்தப் பக்கம் போனாலும் தாள் தயாராக இருக்க வேண்டும் என்பேன். நான் அப்பாவின் மகள்.

பிரசங்கம் மன்னிப்பைப் பற்றி. கிருபாநிதி ஐயா என்னைப் பார்க்காமலிருக்க மிகவும் பாடுபட்டார்.

அறிவிப்புகள். முதலில் கோவிலுக்குப் பாய் கொடுத்தவர்களுக்கு நன்றி. அப்புறம் ஓலை. சுந்தர்சிங், மனைவியை இழந்தவர். ஜெபசுதா, கன்னிகை. அறுபத்து மூன்று வயதில் ஒருவரைக் கன்னிகை என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கும் நிறுவனம் திருச்சபை ஒன்றுதான். டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார் என்று தெரிந்தது. பின்கழுத்தில் மட்டும் வேர்த்திருந்தது.

"இது மூன்றாவதும் கடைசியுமான முறை. தடை சொல்ல விரும்புகிறவர்கள் இப்போதே சொல்லலாம்."

இன்று யாரும் விசிறவில்லை. குழந்தைகள் ஒழுகும் மூக்கோடு இருந்தன. எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. அண்ணன் தொண்டையைச் செருமினான்.

ஐந்து வினாடி எவ்வளவு நீளம் என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். இருபத்தொரு வருடத்துக்கு முன்பு இதே ஐந்து வினாடியில் நான் டீச்சர் உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்திருந்தேன். நானும் முகத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன், சிரிப்பதற்காக. வேறொரு பெண்ணின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் செய்ய என்னால் முடியாது. யோசித்து எடுத்த முடிவில்லை இது. கால் எழவில்லை, அவ்வளவுதான். கைப்பையின் ஜிப்பை மூடினேன். கோவில் முழுக்கக் கேட்டது.

ஐயா மூச்சு விட்டார். அடுத்த அறிவிப்புக்குப் போகப் பக்கத்தைத் திருப்பினார். அப்போது அப்பா எழுந்து நின்றார்.

"ஐயா, ஒரு விசயம்."

செயலாளர் ஏசுவடியான் அண்ணாச்சி வாய்விட்டே சொன்னார்: "ஆண்டவரே, தன் ஓலைக்கே ஆட்சேபணை சொல்லுதாரா?"

அப்பா சட்டைப் பையிலிருந்து தாள் எடுத்தார். படித்தார். படிக்கும்போது எழுத்துத் தமிழ். அவருக்கு உணர்ச்சி வந்தால் அலுவலகம்தான் வரும்.

"2004 ஆகஸ்ட் 22 அன்று இந்தச் சபையில் என் மகள் ஈவாஞ்சலின், ஆன்றோ ஆகியோரின் ஓலைக்கு நான் சொன்ன ஆட்சேபணையை இதன்மூலம் வாபஸ் பெறுகிறேன். சான்றிதழில் குறை எதுவும் இல்லை. குறை என்னுடையது. இப்படிக்கு, சுந்தர்சிங்."

ஐயா தலையைச் சொறிந்தார். "அண்ணாச்சி, முடிஞ்சு போன ஆட்சேபணைய வாபஸ் வாங்க விதியில எடமில்லையே."

"இருக்காதுன்னு தெரியும் ஐயா. பதிவு மட்டும் பண்ணுங்க. அசல் ஒண்ணு, நகல் ரெண்டு கொண்டாந்திருக்கேன்."

முதலில் சிரித்தது டீச்சர். பிறகு கோவில் முழுவதும். பாடகர் குழுகூட. நான் சிரித்தேனா என்று ஞாபகமில்லை. முந்தானை நனைந்திருந்தது, அது ஞாபகமிருக்கிறது.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் அப்பா பக்கத்தில் வந்தார். "வெயிலா இருக்கு. வீட்ல சாப்பிடுதியா?"

"என்ன கொழம்பு?"

"இனிமேத்தான் வைக்கணும்."

நானே வைத்தேன். அப்பா தேங்காய் துருவித் தந்தார். இரண்டு மணிக்குச் சாப்பிட்டோம். இன்று வேறெதுவும் எழுத வேண்டாம். நன்றி, நன்றி.

4 ஆகஸ்ட்

கிங்ஸ்டன் அண்ணன் என்னோடு பேசவில்லை. எங்கள் குடும்பத்தில் பேசாமலிருப்பதற்கு ஒரு தரம் உண்டு. அவன் அதற்குக் கற்றுக்குட்டி. மாலைக்குள் தாங்க முடியாமல், "காரச்சேவு திங்கியா?" என்றான். டீச்சருக்கு மாடி ஏற முழங்கால் ஒத்துழைக்காது என்ற செய்தியைச் சொன்னேன். முகம் தெளிந்தது. அவனுக்கும் நன்றி சொன்னேன், கூப்பிட்டதற்கு. எதற்கு நன்றி என்று அவனுக்குக் கடைசிவரை புரியாது. அது நல்லதே.

6 ஆகஸ்ட்

ஆன்றோ வந்தார். ஜெப்ஸிக்கு நுழைவுத் தேர்வு, வரவில்லை. அப்பாவும் அவரும் கை குலுக்கினார்கள். பிறகு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. இருபத்தொரு வருடத்துக்குப் பேச்சு எங்கே தொடங்கும்?

கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். தூரத்தில் ஒரு நிலக்கரிக் கப்பலை இரண்டு இழுவைக் கப்பல்கள் துறைமுகத்துக்குள் கொண்டுபோய்க்கொண்டிருந்தன. "பின்னால உள்ளவன் ரொம்ப நெருங்கிட்டான்" என்றார் அப்பா. "இல்ல மாமா, காத்து தெக்க இருந்து அடிக்கி. நெருங்காட்டா கப்பல் சுத்திரும்" என்றார் ஆன்றோ. "நான் முப்பத்தெட்டு வருசம் பாத்திருக்கேன்." "நீங்க ஆபீஸ் ஜன்னல்ல இருந்து பாத்திய. நான் ஓட்டுதேன்."

ஒரு மணி நேரம் சண்டை. இருவர் முகத்திலும் அப்படி ஒரு சந்தோஷம். நான் மணலில் உட்கார்ந்து புத்தகம் படித்தேன். ஒரு பக்கமும் நகரவில்லை.

7 ஆகஸ்ட்

கல்யாணம். டீச்சருக்கு வெள்ளைப் பட்டு. அப்பாவுக்குப் பட்டன்கள் எல்லாம் சரியாக இருக்கின்றனவா என்று கோவில் வாசலில் ஆன்றோதான் பார்த்து அனுப்பினார். பதிவேட்டில் சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டேன். பிரியாணியில் உப்பு கூடுதல். உப்பளத்து ஊரில் இதைக் குறையாகச் சொல்வது நன்றியில்லாத வேலை.

9 ஆகஸ்ட்

காரில் ஏறும்போது அப்பா ஜன்னலைத் தட்டினார். ஏதோ பெரிதாகச் சொல்லப் போகிறார் என்று கண்ணாடியை இறக்கினேன். "பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டியா?" என்றார். எடுத்துக்கொண்டேன் என்றேன். காட்டச் சொன்னார். காட்டினேன்.

17 அக்டோபர், வெள்ளி. மனாமா

காலையில் அப்பா வீடியோவில் வந்தார். முகம் முழுக்கத் திரையில். நெற்றி மட்டும் வெட்டுப்பட்டிருந்தது. நாற்பது நிமிடம் டீச்சரைப் பற்றிக் குறை சொன்னார். கோப்புகளை அடுக்கி வைத்துவிட்டாளாம், எதுவும் அகப்படவில்லையாம். ரசத்தில் பூண்டை நசுக்காமல் போடுகிறாளாம். செய்தி ஓடும்போது கணக்குப் பிழை கண்டுபிடித்துச் சிரிக்கிறாளாம். "நீயே சொல்லு, இது நியாயமா?" பின்னாலிருந்து டீச்சர், "முழுசாச் சொல்லுங்க, நீங்க பண்ணுனதையும் சொல்லுங்க" என்றார். நான் எந்தப் பக்கமும் சாயாமல் 'ம்' போட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஜெப்ஸி எட்டிப்பார்த்து, "தாத்தா, பாட்டி பக்கம்தான் நியாயம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஆன்றோ கடைத்தெருவிலிருந்து மீனோடு வந்தார். "யாரு போன்ல?"

"அப்பா."

"சரி" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனார்.